கேலிமுறைக்காரன் சொன்ன விலை

காயெஸ் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த மாகான் திராவோரே, நியாகலே ஜாரா என்பவளிடம் பொய் சொன்னானா என்று. இல்லை என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குப் பின்னால் இரும்புக்கடை நிழலில் வரிசையாக உட்கார்ந்து காசு மாற்றுகிறவர்கள் என்னைச் சேர்க்காமல் ஆறு பேர். ஆறு பேரும் காதால் கேட்டார்கள். நான் அவளிடம் நடக்கப்போவதை நாளோடும் விலையோடும் சொன்னேன். அப்பா கல்லறை மேல் சத்தியமும் செய்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

எங்கள் தொழில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் பிரான்சில் குப்பை அள்ளுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பிராங்க் எங்களிடம் வந்து எங்கள் காசான சேஃபாவாக மாறும். பிரான்சுக்குப் புறப்படுகிறவனுடைய சேஃபா பிராங்காக மாறும். ஒரு பிராங்குக்கு ஐம்பது சேஃபா. வங்கியிலும் அதே ஐம்பதுதான், ஆனால் அங்கே அடையாள அட்டை கேட்பார்கள், அரை நாள் நிற்க வைப்பார்கள், கமிஷனும் எடுப்பார்கள். நாங்கள் நாற்பத்தொன்பதரைக்கு வாங்கி ஐம்பதுக்கு விற்போம். அந்த அரை சேஃபாவில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

என் அப்பாவும் இதே தொழில். அவர் இளவட்டமாக இருந்தபோது எங்கள் சேஃபா ஒன்றுக்கு அவர்கள் இரண்டு பிராங்க் தந்தார்களாம். அப்புறம் அவர்கள் தங்கள் காசில் இரண்டு சைபரைத் தட்டிவிட்டுப் புதுப் பிராங்க் என்றார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒன்றுக்கு நாங்கள் ஐம்பது தருகிறோம். நடுவில் எங்கள் அரசாங்கம் சேஃபாவே வேண்டாம் என்று சொந்தக் காசு அடித்துப் பார்த்தது. ஐந்தே வருஷத்தில் அது பாதியாகிப் போனது. எண்பத்துநாலில் இரண்டைக் கொடுத்தால் ஒன்று என்று மறுபடி சேஃபாவுக்கே வந்து விழுந்தோம். இத்தனை கூத்திலும் பிராங்குக்கு ஐம்பது சேஃபா என்பது அசையாமல் நின்றது. சூரியன் கிழக்கே உதிப்பதைச் சந்தேகப்பட்டாலும் ஐம்பதைச் சந்தேகப்படாத ஜனம் நாங்கள்.

இப்போது நியாகலேயைப் பற்றி. ரயில் நிலையத்தில் சோறும் பொரித்த மீனும் விற்கிறவள். புருஷன் செத்துப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் சாரான், வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், பத்தொன்பது வயது. புருஷனின் அண்ணன் வாலி, குடும்பத் தலைவன் என்ற உரிமையில் அந்தப் பெண்ணைச் சம்பா சிசோகோ என்பவனுக்கு மூன்றாம் தாரமாகப் பேசி முடித்துவிட்டான். சம்பாவுக்குப் பாரிசை ஒட்டின மோந்த்ரேயில் வேலை, ஐம்பத்துநாலு வயது. பரிசப் பணம் எட்டாயிரம் பிராங்க், புது நோட்டாக. வாலி அதை வாங்கினான், வீட்டுக்குத் தகரம் போட்டான், மீதியில் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.

நியாகலே அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில் வாலி ஒரு வாக்குக் கொடுத்தான். பரிசத்தை வாங்கின காசிலேயே, பிரெஞ்சுப் பிராங்காகவே, எட்டாயிரமும் குறையாமல் கொண்டுவந்து வைத்தால் பேச்சை முறித்துவிடலாம். பிரான்சுக் காசைக் கொடுத்தவனிடம் சேஃபாவை நீட்டுவது எங்கள் பக்கத்தில் அவமானம். நூறு வருஷம் அவள் மீன் பொரித்தாலும் அது சேராது என்று நினைத்துத்தான் அவன் அப்படிச் சொல்லியிருப்பான். சம்பா விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். தொண்ணூற்றுநாலு ஜனவரி பதினாலு, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வந்தவர்களுக்குக் கோலாக் கொட்டை பிரித்துக் கொடுத்து நிக்காஹ் முடிப்பதாக ஏற்பாடு. அதற்குள் பணம் வர வேண்டும்.

அவளுக்கும் எனக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். திராவோரே என்று பெயர் இருப்பவனுக்கு ஜாரா என்று பெயர் இருக்கும் எவரும் கேலிமுறை. ரத்த சம்பந்தம் வேண்டாம், முன்பின் தெரிந்திருக்கக்கூட வேண்டாம். பெயரைக் கேட்டதுமே திட்டலாம். காராமணி தின்னி என்பேன், என் அடிமைப் பயலே என்பாள். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவன் வம்சத்துக்கே வெட்கக்கேடு. பத்து வருஷமாக நானும் அவளும் அப்படித்தான். ரயில் மூணு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது என்று சொல்லி ஒருமுறை அவளைச் சோற்றுச் சட்டியோடு ஓட விட்டேன். அவள் என் செருப்பை மீன் கூடையில் ஒளித்து வைத்து அன்று முழுக்க என்னை வெறுங்காலோடு அலைய விட்டாள். நான் சொல்லும் எதற்கும் நேர் எதிராக நடப்பது அவளுக்குப் பழக்கமாகிப் போனது. எல்லா ஜாராக்களுக்குமே அப்படித்தான்.

பத்தாம் தேதி, திங்கள் காலை, தபால் ஆபீசுக்கு எனக்கு டக்காரிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு பெரிய வியாபாரி, என்னிடம் அடிக்கடி பிராங்க் வாங்குகிறவன். கிடைக்கிற பிராங்கை எல்லாம் ஐம்பத்தைந்து கொடுத்தாவது பிடித்து வை என்றான். ஏன் என்று கேட்டேன். சேஃபா புழங்கும் நாட்டு ஜனாதிபதிகள் எல்லோரும் இங்கே விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு நாளில் ஐம்பது நூறாகிவிடும் என்றான். வானொலியில் அப்படி எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்பத்துநாலிலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் என் அங்கிக்குள் தொட்டுப் பார்த்தேன். முப்பத்தோராயிரம் பிராங்க் இருந்தது. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அது இரண்டு மடங்கு. என் வாழ்நாளில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அந்த ஒரு போன்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை நியாகலே வந்தாள். துணி மூட்டையை என் முன்னால் வைத்துக் குந்தினாள். எப்படிச் சேர்த்தாளோ, மூன்று லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் சேஃபா, எல்லாம் மீன் வாடை அடிக்கும் சில்லறை நோட்டு. எட்டாயிரம் பிராங்குக்கு நாலு லட்சம் வேண்டும், எட்டாயிரம் சேஃபா குறைந்தது. நாற்பத்தொன்பதுக்குத் தா, கணக்குச் சரியாகிவிடும் என்றாள். விடுப்பில் வந்தவர்கள் வார இறுதியில் சந்தைக்கு வந்து பிராங்கைக் கொட்டும்போது சில வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்பதுக்கு விலை இறங்குவது உண்டு. அவளுக்கும் அது தெரியும்.

என் நிலைமையைப் பாருங்கள். பிராங்க் இல்லை என்று சொன்னால் பக்கத்தில் இருக்கும் ஆறு பேரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். மாகானிடம் பிராங்க் இல்லையா, ஏன் இல்லை என்று அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவள் அடுத்தவனிடம் போனால் அவன் கொடுத்துவிடுவான், எட்டாயிரத்தை எங்கேயாவது கடன் வாங்கிக்கொள்வாள், அது எனக்கு நஷ்டமில்லை. ஆனால் என்னைவிட்டு அடுத்தவனிடம் போனதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டி வரும், என் ரகசியம் உடைந்துவிடும். அவளுக்கு என் பிராங்கைக் கொடுத்தாலோ வரப்போகும் நாலு லட்சம் லாபம் என் கையைவிட்டுப் போகும். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இருந்தது. உண்மையைச் சொல்வது.

நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அடியே காராமணி தின்னி, கேளு. இன்னிக்கே வாங்கிடு. நாளைக்கே ஒரு பிராங்க் நூறு சேஃபா. எங்கப்பன் கல்லறை மேல சத்தியம். ஐம்பது செத்துப் போச்சு, நாளைக்கு அடக்கம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. இரும்புக்கடைக்காரன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். நியாகலே சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்கப்பனுக்குக் கல்லறை எங்கடா இருக்கு? என் தாத்தா அவரைக் கொல்லையிலதானே புதைச்சாரு, அடிமைப் பயலே. திராவோரே ஒருத்தன் வாங்கு வாங்குன்னு கத்தினா, அவன் கையில சரக்கு மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை நாப்பத்தெட்டுக்கே தருவே, பாரு."

"இப்பவே வாங்குடி. பின்னால அழாதே."

"நீ இன்னொரு தடவை சொன்னா நான் ஞாயித்துக்கிழமைதான் வாங்குவேன்."

மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வருவதாகவும், தனக்கென்று எட்டாயிரத்தை எடுத்து வைக்கும்படியும் சொன்னாள். நான் சரி என்று சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். போகிற போக்கில் என் தேநீர்க் குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள். நான் வாய்ச்சொல்லால் ஒருத்தரையும் ஏமாற்றாமல் இவ்வளவு சுலபமாகக் காரியம் முடித்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு பிராங்குக்கு இனி நூறு சேஃபா என்று அன்று மாலை வானொலியில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை சந்தையில் பாதிக் கடை திறக்கவில்லை, உள்ளே உட்கார்ந்து விலைச் சீட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய், சர்க்கரை, பால் பவுடர், மாத்திரை, கடல் தாண்டி வந்தது எதுவோ அதெல்லாம் ஏறியது. எங்கள் வரிசையில் நூறு கொடுத்தால்கூடப் பிராங்கை வெளியே எடுக்க ஆளில்லை, இன்னும் ஏறுமோ என்று பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் தெளிவாக நூறு என்று சொன்னேன். பேராசைக்காரன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

நியாகலே பத்து மணிக்கு வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், ஒரு காலில் செருப்பில்லை. நேராக என் முன்னால் வந்து மண்டியிட்டாள். என்னை எதுவும் திட்டவில்லை. தலைத்துணியை அவிழ்த்தாள், அதை என் காலடி மண்ணில் விரித்து, அதன் மேல் மூட்டையை வைத்தாள்.

இந்த இடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். கேலிமுறைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எத்தனை திட்டினாலும், கேலிமுறைக்காரி தலைத்துணியை அவிழ்த்துக் காலடியில் போட்டு ஒன்றைக் கேட்டால் மறுக்கக் கூடாது. கொலைப் பழியே அந்தத் துணிக்கு முன்னால் நின்று போயிருக்கிறது. கட்டிய பெண்டாட்டியைத் துரத்தினவன் அந்தத் துணியைப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறான். எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததிலிருந்து தெரியும்.

"மாகான், விளையாட்டு இல்ல. நம்ம முறை பேரால கேக்கறேன். நேத்து விலைக்குக் கொடு. எம்பொண்ணு போயிடுவா."

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆறு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த கிழவர் கையிலிருந்த தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினார். அங்கிக்குள் முப்பத்தோராயிரம் பிராங்க் என் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. எட்டாயிரத்தைக் கொடுத்திருந்தாலும் மிச்சம் இருபத்துமூவாயிரம் இருந்திருக்கும், அதுவும் இரண்டு மடங்காகத்தான். கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் நேற்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு எண்ணம். அதைவிட, பொய் சொல்வானேன், நாலு லட்சம் சேஃபாவை விட மனசு வரவில்லை.

நான் குனிந்தேன். மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அந்தத் தலைத்துணியை எடுத்தேன். என் தொப்பியைக் கழற்றிவிட்டு அதை என் தலையில் கட்டிக்கொண்டேன். இடுப்பை ஆட்டி, மீன்கூடை சுமக்கிற மாதிரி கையைத் தூக்கி, வரிசைக்கு முன்னால் நாலு அடி நடந்தேன்.

"மீனு, மீனு, பொரிச்ச மீனு. நேத்து விலைக்கு மீனு வாங்குங்க. அழுகினாலும் நேத்து விலைதான்."

வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் சிரித்தான், அடுத்தவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது நிம்மதி. திராவோரே சிரித்தால் அது கேலி, கேலி என்றால் நடந்தது எதுவும் நிஜமில்லை, துணி மண்ணில் விழவே இல்லை. கிழவர் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து தொழப் போனார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

நியாகலேயும் சிரித்தாள். சிரித்தாக வேண்டும், முறை அப்படி. வாய் திறந்து, பல் தெரிந்து, கண் என் தலையில் இருந்த துணி மேலேயே நின்றது. நான் அதை அவிழ்த்து நீட்டினேன். அவள் அதைத் தலையில் கட்டவில்லை. சுருட்டி மூட்டையோடு கக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்த தலையோடு சந்தை வழியாக நடந்து போனாள்.

சிரித்துவிட்டதால் அவள் எங்கும் போய் முறையிடவும் முடியவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்? சொன்னானா, சொன்னான். கேலி செய்தானா, செய்தான். கேலிமுறைக்காரன் கேலி செய்தான் என்று எந்தப் பஞ்சாயத்தில் வழக்கு நடத்துவது?

வியாழக்கிழமை அவள் வாலியிடம் போய் அந்த மூன்று லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்தையும் வைத்திருக்கிறாள். அவன் அதை விரலால் கிளறிப் பார்த்தானாம். நாலாயிரம் பிராங்குக்குக்கூட எட்டவில்லையே என்றானாம். அப்புறம் அவன் சொன்னதையும் அங்கே இருந்தவர்கள் வந்து எங்களிடம் சொன்னார்கள்.

"பாதிக் காசுக்குப் பாதிப் பொண்ணைத்தான் நிறுத்த முடியும். எந்தப் பாதி வேணும், நீயே சொல்லு."

அந்தப் பெண் சாரான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாளாம். மறுநாள் கோலாக் கொட்டை பிரித்தார்கள். சம்பாவின் பிராங்க் இப்போது இரண்டு மடங்கு சேஃபா என்பதால் விருந்தும் இரண்டு மடங்காக நடந்தது, இரண்டு மாடு அடித்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்தில் கேலிமுறைக்காரன் இல்லாமல் களை கட்டாது. போனேன். மாப்பிள்ளையின் பல்லைக் கேலி செய்தேன், நன்றாகச் சிரித்தார்கள். மாத முடிவில் சாரானைப் பிரான்சுக்கு அனுப்ப டக்கார் ரயிலில் ஏற்றினார்கள். படிப்பு இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது.

நான் அந்த வருஷம் சிமெண்ட் வீடு கட்டினேன். யாராவது கேட்டால் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன், நான் அவளிடம் உண்மையைத்தான் சொன்னேன், ஆறு பேர் சாட்சி என்று. யாரும் கேட்காதபோதும் சொல்வேன். என் பெண்டாட்டி ஒருநாள், தூக்கத்தில்கூட அதையேதானே சொல்கிறீர்கள் என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மழை முடிந்து அக்டோபரில் ஒரு காலை நியாகலே வரிசைக்கு வந்தாள். ஆறு பேரைத் தாண்டி என்னிடம்தான் வந்தாள். தலைத்துணி ஒழுங்காகக் கட்டியிருந்தது. குந்தாமல் நின்றுகொண்டே ஒரு உறையை நீட்டினாள், இரண்டு கையாலும், பெரிய மனிதருக்குக் கொடுக்கிற மாதிரி. உள்ளே ஐநூறு பிராங்க். சாரான் அனுப்பியது. விடிவதற்கு முன் எழுந்து ஆபீஸ்களில் தரை துடைக்கிறாளாம், சம்பளத்தைச் சம்பா வாங்கிக்கொள்கிறானாம், இது அவனுக்குத் தெரியாமல் சேர்த்ததாம். இதெல்லாம் அவள் சொல்லவில்லை. பிரான்சிலிருந்து வந்தவர்கள் சொல்லி ஊருக்கே தெரியும்.

எனக்கு உள்ளுக்குள் குபீரென்று சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். என்னிடம் வந்துவிட்டாள், பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"வாடி காராமணி தின்னி. காராமணி விலையும் ஏறிப் போச்சாமே, பட்டினியா கெடக்கியா?"

"நல்லா இருக்கீங்களா ஐயா? வீட்ல எல்லாரும் சுகங்களா? இன்னிக்கு விலை என்னங்க?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டலுக்குத்தான் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்து வாயோரத்தில் ஒரு சுழிப்பைத் தேடினேன். ஒன்றுமில்லை. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவிடம் பேசுகிற முகம்.

"உனக்கு நூத்தஞ்சு," என்றேன்.

"நூறு தாங்க ஐயா. சந்தை விலை நூறுதானே."

ஐம்பதாயிரத்தோடு இரண்டாயிரத்து ஐநூறு சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே எண்ணினாள். கூடுதலாக இருந்ததை எடுத்து என் பெட்டி மேல் வைத்து, காற்றில் பறக்காமல் என் தேநீர்க் குவளையை அதன் மேல் வைத்தாள். வரிசையில் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"சாரான் எப்படி இருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்காங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"நியாகலே, ஒரே ஒரு தடவை திட்டிட்டுப் போ. அடிமைப் பயலேன்னு சொல்லு. எங்கப்பனை இழு, பரவாயில்ல."

"பெரியவங்களை அப்படியெல்லாம் பேசலாங்களா ஐயா?" என்றாள். சேஃபாவைத் துணி முனையில் முடிந்துகொண்டு, எனக்கு நல்லபடியாக நாள் போகட்டும் என்று வாழ்த்திவிட்டு, ரயில் வரும் நேரமாகிவிட்டதென்று நிலையத்துப் பக்கம் போனாள்.